நசுங்கிய டின்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். இன்று மூன்றாவது நாள். முதல் நாள் "அன்புள்ள" வரை வந்தேன். கை வலித்தது. டீ குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நீ போனை எடுப்பதில்லை. கடிதம் அப்படி இல்லை, கதவுக்கு அடியில் தானாக வந்து விழுந்துவிடும். அதுதான் இதில் வசதி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிரிக்காதே. எனக்கு இத்தனை வருஷமாகப் படிக்கத் தெரியாது. கையெழுத்து ஒன்றுதான் தெரியும், அதுவும் படம் வரைவது மாதிரி. காலையில் நீ டீ கொண்டுவந்து வைக்கும்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, வெறும் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஏதாவது கேட்டால் "எல்லாம் விலை ஏறிப்போச்சும்மா" என்பேன். அது எந்த நாள் பேப்பருக்கும் பொருந்தும். ஒரு நாளாவது தப்பாகப் போனதா?

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. வாரத்தில் மூன்று சாயங்காலம். ஏழு மாதமாகப் போகிறேன். என்னோடு ஒரு சமையல்காரரும், தையல்கார அம்மா ஒருவரும் படிக்கிறார்கள். என் 'ழ' பூனை படுத்திருப்பது போல இருக்கிறது என்கிறார் டீச்சர். "எழுந்து ஓடிடப் போகுது, கொஞ்சம் பாத்துக்கங்க" என்கிறார். அறுபத்தெட்டு வயதில் வாத்தியாரிடம் திட்டு வாங்குவது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது தெருவே என்னோடு பேசுகிறது. பஸ் பேசுகிறது, தீப்பெட்டி பேசுகிறது. மருந்துக்கடைக்குப் பக்கத்துச் சுவரில் "இங்கே துப்பாதீர்கள்" என்று எழுதியிருக்கிறது. இருபது வருஷமாக அங்கேதான் துப்பிக்கொண்டிருந்தேன்.

நான் குளிர்பானக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் பெட்டி ஏற்றியது உனக்குத் தெரியும். ஒரு பெட்டியில்கூட என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குடைப் படம் இருந்தால் நனையக் கூடாது, கண்ணாடிக் கோப்பைப் படம் இருந்தால் மெதுவாக வைக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நிறமே போதுமாக இருந்தது.

நம் வாலு எப்படி இருக்கிறாள்? இரண்டாம் வகுப்பா? நானும் ஏறக்குறைய அவள் வகுப்புதான் என்று சொல்.

என் பிள்ளை செத்துப்போன அந்த மாதமே நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். வாசலில் நின்று "நீங்க தெரிஞ்சேதான் செஞ்சீங்க" என்றாய். அவனை ஓய்வில்லாமல் வேன் ஓட்ட விட்டதைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வயதுப் பிள்ளை ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து போனால் யாருக்குத்தான் வார்த்தை வரம்போடு வரும். எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வரி பதில் போடு. எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன்.

இவ்வளவும் தன் கையால் எழுதிய,
உன் மாமா


பிப்ரவரி 14

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். சிரிக்கவில்லை.

அவர் இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை காலை. நீங்கள் சமையலறை வாசலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். ஒரு தாளை உங்கள் கையில் கொடுத்தேன். "படிச்சுப் பாருங்க மாமா. படிச்சுட்டு என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றேன். நீங்கள் மேலிருந்து கீழ்வரை பார்த்தீர்கள். அவசரப்படவில்லை. "படிச்சுட்டேம்மா, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. கிடங்கில் நசுங்கிப்போன டின்களை வாரக் கடைசியில் உங்களுக்கெல்லாம் எடுத்துப்போகக் கொடுப்பார்கள் அல்லவா, அந்தப் பையோடு வந்தீர்கள். எல்லாம் கறுப்பு டின். எனர்ஜி டிரிங்க். "இந்தாடா, உனக்குத் தெம்பு" என்று அவர் மடியில் வைத்தீர்கள். அடுத்த சனிக்கிழமையும் வைத்தீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அது டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் மாமா.

பதினான்கு மாதமாக உங்களுடைய "படிச்சுட்டேம்மா" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் எனக்கு வேறு யார்மேலும் கோபப்படத் தெரியவில்லை. இப்போது படிக்கவே தெரியாது என்கிறீர்கள். இது பொய்யாக இருந்தால் இவ்வளவு மட்டமான பொய்யை நான் கேட்டதில்லை. உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாள் எங்கே?


பிப்ரவரி 27

மருமகளுக்கு,

தாள் இருக்கிறது. படிக்கத் தெரியாதவன் எந்தத் தாளையும் எறிய மாட்டான். எது வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெத்தைக்கு அடியில் பழைய கரண்ட் பில், செருப்புக்கடை விளம்பரம், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை, அதற்குக் கீழே இது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

படித்து முடிக்க ஒரு காலை முழுக்க ஆனது. டாக்டர் எழுத்து டீச்சர் எழுத்து மாதிரி இல்லை. ஆனால் முக்கியமான வரியை அவர் பெரிதாக எழுதிக் கீழே கோடு போட்டிருக்கிறார். "எனர்ஜி டிரிங்க் அறவே கூடாது." ஒரு பெரிய டின்னில் இரண்டு மூன்று கப் காபியின் சரக்கு இருக்கிறதாம். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். இவருக்கு ஈசிஜியில் சந்தேகம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் மேல்பரிசோதனை செய்துகொள்ளவும். மயக்கம் வந்தால் தாமதிக்க வேண்டாம். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஒரு பக்கம்.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மேலே நீல முத்திரை இருந்தது. வீட்டுக்காரர் கொடுக்கும் தாளிலும் நீல முத்திரைதான். வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார் போல, நீங்களே முடிவு பண்ணுங்க என்கிறாய் என்று நினைத்தேன். வேலைக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்து "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்" என்றேன். அவர் "எதுக்குய்யா பொறுக்கணும்?" என்றார். நல்ல மனுஷன், மறைத்துப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டது இதைத்தான்.

அவன் கை நடுங்குவதை நானும் பார்த்தேன். டீ கோப்பை சாசரில் கடகடவென்று ஆடும். காலை ஐந்து மணிக்கு வண்டி எடுக்கிறவன், அசதி என்று நினைத்தேன். "கை நடுங்குதேடா, இன்னொண்ணு குடி" என்று உடைத்துக் கொடுத்தேன். என் கையால். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தால் உன் கடிதத்தில் எழுதியிருப்பாய். அதனால் நானே எழுதுகிறேன்.

நேற்று முனைக்கடைக்குப் போய் ஒரு கறுப்பு டின்னை எடுத்துப் படித்தேன். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்க வேண்டாம், ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று எறும்பு சைஸில் போட்டிருக்கிறது. கடைக்காரர் "வாங்கறீங்களா, வெறுமனே பாக்கறீங்களா?" என்றார். வெறுமனே பார்த்தேன் என்றேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தாளைக் கொடுத்த கையோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா? "இதைக் குடுக்காதீங்க மாமா" என்று மூன்று சொல். உன்னைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. இல்லை, பொய் எதற்கு, கொஞ்சம் அதற்காகவும்தான் கேட்கிறேன்.

மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது உங்கள் பிள்ளை பஸ் நிறுத்தத்திலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதே. அறுபத்தஞ்சு வயசு தாண்டியும் அவர் பெட்டி தூக்குறாரு. நான் உக்காந்த இடத்துல ஸ்டியரிங்க பிடிக்கிறேன். எனக்கு நெஞ்சு படபடங்குதுன்னு அவர்கிட்டப் போய்ச் சொன்னா என்ன நினைப்பார்?" என்றார். "நீங்களே விட்டுடுங்க, நான் ஏன் சொல்லப் போறேன்" என்றேன். விடுவதாகத்தான் சொன்னார். நான்கு நாள் விட்டார். தலைவலி மண்டையைப் பிளக்கிறது, வண்டியில் கண் சொருகுகிறது என்று ஐந்தாம் நாள் மறுபடி உடைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. வாயைத் திறக்காமல் தாளைக் கொடுத்துவிட்டால் சத்தியமும் நிற்கும், டின்னும் நிற்கும். என்னைவிடக் கெட்டிக்காரி யாரும் இல்லை என்று அன்று நினைத்தேன் மாமா.

அதற்குப் பிறகும் நீங்கள் டின்னோடு வந்தபோது தெரு முனையிலிருந்தே கத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. செத்துப்போகும் விஷயம் என்று நினைத்திருந்தால் கத்தியிருப்பேன். கடையில் குழந்தைகள்கூட வாங்குகிற சாமான், அவ்வளவு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்.

இன்னொன்று. இதை எழுதத்தான் இவ்வளவு நாள் ஆனது. தாளைக் கொடுத்த அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். "உங்கப்பாகிட்டத் தாளைக் குடுத்துட்டேன். வாயால ஒண்ணும் சொல்லலை. படிச்சுட்டு, பாத்துக்கறேன்னு சொல்லிட்டாரு. இனிமே டின் வராது." அவர் கோபப்படுவார் என்று தயாராக நின்றேன். அவர் சிரித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "சரி, நீ ஜெயிச்சுட்டே" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உங்கள் முதல் கடிதம் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியுமா? என் மனசு நோகாமல் இருக்க ஒன்றும் எழுத வேண்டாம். உண்மை மட்டும் போதும்.


மார்ச் 22

மருமகளுக்கு,

"அவனுக்குத் தெரியாது" என்று எழுதி ஒரு தாளைக் கிழித்தேன். பிறகு அதையே கொஞ்சம் அழகாக எழுதி இன்னொரு தாளையும் கிழித்தேன்.

அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் வகுப்பில் அவன் மார்க்குத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் பார்த்துவிட்டு "பரவால்லடா, நல்லா வாங்கியிருக்கே" என்று முதுகில் தட்டினேன். மூன்று பாடத்தில் பெயில் என்று அவன் அம்மா பிறகு சொன்னாள். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் தெரியும். அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் எனக்கு முன்னால் அவன் கை நீளும். "குடுங்கப்பா, கண்ணாடி இல்லாம கஷ்டப்படாதீங்க, நான் பாக்கறேன்" என்பான். எனக்குக் கண்ணாடியே கிடையாது. எத்தனை பேர் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவான். உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த பிறகும் சொன்னான். உன்னிடம்கூட அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஏன் சிரித்தான் என்று நானும் பத்து நாளாக யோசிக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது டின் வந்துகொண்டிருந்தால் போதும் என்று நினைத்தான். குடிகாரன் மாதிரி ஒரு சிரிப்பு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இரண்டில் நல்லதை மட்டும் உனக்கு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நீ உண்மை கேட்டாய்.

நீ சொன்ன அந்தச் சனிக்கிழமை, பையை மடியில் வைத்தபோது, அவன் உடனே டின்னை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். "அப்பா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றான். "என்னத்தச் சொல்ல, வண்டிய மெதுவா ஓட்டு" என்றேன். தலையை ஆட்டினான். பிறகுதான் உடைத்தான்.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருப்பேன் என்று அவன் ஒரு நிமிஷம் எதிர்பார்த்தானோ என்னவோ. பக்கத்து வீட்டிலேயே பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா


ஏப்ரல் 4

மாமாவுக்கு,

படித்தேன். அதைப் பற்றி இப்போது எழுத முடியாது. செத்துப்போனவரோடு சண்டை போடுவது எப்படி என்று தெரியவில்லை.

வேறு ஒரு காரியம். அவர் போனபோதே குழந்தைக்கும் இதயத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். பயந்துகொண்டு நான் தள்ளிப்போட்டேன். போன வாரம் பள்ளியில் ஓடும்போது வாலுவுக்குக் கண் இருட்டியது. இப்போது தள்ளிப்போட முடியாது. குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்கள் உண்டா என்று டாக்டர் கேட்கிறார். அப்பா வழியில் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்களையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணி. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. வர முடியுமா?


ஏப்ரல் 27

மருமகளுக்கு,

அன்று வந்தபோது நாம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. டாக்டர்தான் பேசினார். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

என் அண்ணன் பத்தொன்பது வயதில் ஆற்றில் போனான் என்று சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாரே, நீ கவனித்தாயா? "நீச்சல் தெரியுமா அவருக்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்திலேயே அவன்தான் நல்ல நீச்சல்காரன். தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு என் நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். என் தாளையும் குழந்தையின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒரே மாதிரி ஒரு கோணல், இரண்டு தாளிலும்.

டின்தான் கொன்றது என்று அவர் சொல்லவில்லை. பிறவியிலேயே இருந்த கோளாறை அது தூண்டிவிட்டிருக்கலாம், இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும் என்றார். நியாயமான மனிதர். ஆனால் எனக்கு அந்த "இருக்கலாம்" ஆறுதலாக இல்லை. அவனுக்கு அந்த இதயத்தைக் கொடுத்ததும் நான், டின்னைக் கொடுத்ததும் நான்.

"அப்படின்னா நான் ஏன் சார் இன்னும் இருக்கேன்?" என்று கேட்டேன். சிலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாமலே போய்விடும் என்றார். "நீங்களும் அந்த டிரிங்கைக் குடிப்பீங்களா?" என்று கேட்டார். கிடங்கில் எல்லோரும் குடித்தார்கள். நான் ஒரே ஒரு தடவை வாயில் வைத்தேன், இருமல் மருந்து மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். எனக்கு ருசி பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது. அவ்வளவுதான் அம்மா வித்தியாசம். என் நாக்கு என்னைக் காப்பாற்றியது. அதே நாக்கு அவனுக்கு "குடிடா, தெம்பு" என்றது.

பஸ் நிலையத்தில் வாலு என் மடியில் தூங்கிவிட்டாள். அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துடிப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் வந்ததும் நீ அவளை எழுப்பி வாங்கிக்கொண்டாய். என் கை சூடாகவே இருந்தது, வீடு வரைக்கும்.

அவளைப் பார்க்க வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வரலாம் என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஏதாவது ஒன்றை எழுது.

மாமா


மே 8

மாமாவுக்கு,

வாலுவுக்குத் தினமும் மாத்திரை கொடுக்கிறேன். ஓட்டப்பந்தயம் கிடையாது, தனியாக நீச்சல் கிடையாது, அந்த டிரிங்க் எந்த வயதிலும் கிடையாது. "எந்த வயசுலயுமா? பாட்டியானப்புறமுமா?" என்று கேட்கிறாள். பாட்டியான பிறகும்தான் என்றேன். "அவ்வளவு நாள் இருப்பேனா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாது. சில காலையில் உங்கள்மேல் கோபமாக எழுந்திருக்கிறேன். சில காலையில் அவர்மேல். பல காலையில் என்மேல். பல் தேய்க்கும்போதுதான் இன்றைக்கு யார் என்று எனக்கே தெரிகிறது.

நான் இங்கே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. இந்த முனையை நான் பிடித்தால் அந்த முனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். சேர்ந்த புதிதில் நான் மாதக் கணக்கில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் வந்து அந்த முனையைப் பிடிப்பாள். நடுவில் வந்து மூலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். அப்படியே ஒரு நாள் பேசத் தொடங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. பதினொரு மணி பஸ்ஸில் வாருங்கள். நான் பேசாத நாளாக இருந்தால் குழந்தையோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போங்கள். அதற்காக அடுத்த வாரம் வராமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.